பேஜில் தங்கி பாறையிடுக்குகளைச் சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யூட்டா எல்லையை ஒட்டி, ஒரு பாலைவன மேட்டின் மேல் இருக்கும் சின்ன ஊர் பேஜ். ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறையிடுக்கின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மூன்று முறை போயிருக்கிறேன். அதில் ஒருமுறை அம்மா அப்பாவோடு.

பேஜ் எப்படிப்பட்ட ஊர்?

ஊர் அழகுக்காக யாரும் பேஜுக்குப் போவதில்லை. நெடுஞ்சாலை, விடுதிகள், பெட்ரோல் பங்க், ஒரு பெரிய மளிகைக் கடை, சுற்றிலும் செம்மண். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு. ஆனால் இந்த ஊர் உருவான கதை தெரிந்தால் சுற்றிப் பார்க்கிற எல்லாமே வேறு மாதிரி தெரியும்.

1950களின் நடுவில் இங்கே ஊரே கிடையாது. மேன்சன் மேட்டில் புல்லும் மணலும்தான். கொலராடோ ஆற்றின் குறுக்கே க்ளென் கேன்யன் அணை கட்ட முடிவானதும், தொழிலாளர்கள் தங்க இடம் வேண்டியிருந்தது. நவஹோ என்ற பழங்குடி மக்களுக்குச் சொந்தமான இந்த மேட்டை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக யூட்டாவில் வேறு நிலம் கொடுத்தது அரசு. 1957இல் குடியிருப்பு எழுந்தது. நீர்வளத் துறையின் தலைவராக இருந்த ஜான் பேஜின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்.

அந்தக் காலத்தின் அடையாளம் இன்னும் இருக்கிறது. எட்டாவது அவென்யூ பக்கம் நடந்தால் அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய தாழ்வான வீடுகள் தெரியும், சில இப்போது சிறிய விடுதிகள். பிரதான சாலையில் ஒரு டஜன் தேவாலயங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஊரைத் திட்டமிட்டபோது அவற்றுக்கென்று ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கியதால் வந்த வரிசை அது.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். லாஸ் வேகஸிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஆன்டிலோப்பில் ஒன்றரை மணி நேரம், கொலராடோ ஆறு குதிரைலாடம் மாதிரி வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட்டில் அரை மணி நேரம், அப்புறம் இரவோடு இரவாகத் திரும்புவது என்று பலர் திட்டம் போடுகிறார்கள். போகவே நாலரை மணி நேரம், வரவும் அவ்வளவு. கண்ணில் படுவதெல்லாம் சாலைதான். இரண்டு இரவு தங்கினால் ஒரு முழுநாளும் இரண்டு அரைநாளும் கையில் இருக்கும். மழையால் ஒருநாள் கெட்டாலும் இன்னொரு நாள் மிச்சம்.

ஃபீனிக்ஸிலிருந்தும் ஏறக்குறைய நாலரை மணி நேரம்தான். ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாக வருகிறவர்களுக்கு அங்கிருந்து இரண்டேகால் மணி நேரம். கார் இல்லாமல் இந்தப் பகுதியில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆன்டிலோப் கேன்யனுக்கு நாமே போக முடியுமா?

முடியாது. அது நவஹோ தேசத்தின், அதாவது நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியின் நிலம். 1997 முதல் பழங்குடிப் பூங்காவாக இருக்கிறது. அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். சீசனில் பல வாரங்கள் முன்னதாகவே இடம் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைப் பதிவு செய்யுங்கள், விடுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி இருப்பதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். நாங்கள் போனபோது வந்த பெண் ஒரு கை மணலை அள்ளிக் காட்டி, “இந்தச் சுவரும் இதுதான்” என்றார். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பாலைவன மணல்மேடுகள் இருந்தன. அவை இறுகித்தான் இந்த மணற்பாறை ஆனது. சுவரில் ஓடும் கோடுகள் அந்தக் காலத்துக் காற்று அடுக்கிய மணல் வரிகள். பிறகு மழைவெள்ளம் மணலையே ரம்பமாக வைத்து பாறையை அறுத்திருக்கிறது. அதைக் கேட்டபின் சுவரைத் தொடாமல் இருக்க என் விரலை அடக்க வேண்டியிருந்தது. தொட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மேல் கேன்யனா, கீழ் கேன்யனா?

இரண்டும் ஒரே வறண்ட ஓடையின் இரண்டு துண்டுகள். மேல் கேன்யனுக்கு நவஹோ பெயரின் பொருள் ‘பாறைகளுக்குள் தண்ணீர் ஓடும் இடம்’. கீழ் கேன்யனின் பெயருக்குப் பொருள் ‘சுருள் பாறை வளைவுகள்’. இந்த இரண்டு பெயர்களே பாதி விளக்கம் சொல்லிவிடும்.

மேல் கேன்யனில் தரை சமம். அடியில் அகலமாக இருக்கும், மேலே போகப் போகக் குறுகும். அதனால் வெளிச்சம் குறைவு, ஆனால் உச்சி வெயில் ஒரே கற்றையாக உள்ளே இறங்கும். திறந்த வண்டியில் மணலில் குலுங்கிக் குலுங்கி அழைத்துப் போவார்கள்.

கீழ் கேன்யன் இதற்கு நேர் எதிர். அடியில் குறுகல், மேலே விரிவு. செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும், சில இடங்களில் ஒரு காலை வைத்து அடுத்த காலை எடுக்கத்தான் இடம் இருக்கும். வெளிச்சம் நன்றாக வரும், நிறம் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். படிகள் ஏறி இறங்க முடிகிறவர்களுக்கு நான் கீழ் கேன்யனைத்தான் சொல்வேன். அங்கே பாறை உங்களைச் சுற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஒளிக்கற்றையை எப்போது பார்க்கலாம்?

மேல் கேன்யனில், மார்ச் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி, வானம் தெளிவாக இருந்தால். அந்த நேரத்துக்கான டிக்கெட்டுக்கு விலை அதிகம், கூட்டமும் அதிகம்.

கற்றை தானாகப் பளிச்சென்று தெரிவதில்லை. காற்றில் தூசி இருந்தால்தான் கண்ணுக்கு உருவம் கிடைக்கிறது. நாங்கள் போனபோது வழிகாட்டி கொஞ்சம் மணலை அள்ளி மேலே வீசினார். அதுவரை தரையில் வெறும் வெள்ளைப் புள்ளியாக இருந்தது, கூரையிலிருந்து தரை வரை ஒரு தூணாக எழுந்து நின்றது. மணல் மெதுவாக இறங்க இறங்க தூண் மங்கி, மறுபடியும் புள்ளியாகிவிட்டது. மொத்தம் அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடமும் நான் கேமராவைக் கீழே வைத்திருந்தேன்.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

கீழ் கேன்யன் வேண்டாம். மேல் கேன்யன் போகலாம், ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் போன வழியிலேயே திரும்பி வருவார்கள். இப்போது ஒருவழிப் பாதை, கேன்யனின் மறுமுனையில் வெளியே வந்து மேட்டைச் சுற்றி, படிகளும் சரிவும் உள்ள பாதையில் நடந்து திரும்ப வேண்டும். வெயிலில் அது வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். என் அப்பா இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார், அம்மா அவருக்கு முன்னால் போய்விட்டார். பதிவு செய்யும்போதே வயதையும் நடக்கும் சிரமத்தையும் சொல்லிக் கேளுங்கள். வண்டியில் ஏற உயரமான படி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு, அணைக்குப் பின்னாலுள்ள ஏரியைப் பார்க்கும் வாவீப் காட்சிமேடையும் அணைக்கு அருகிலுள்ள பார்வையாளர் மையமும் போதும். இரண்டுக்கும் காரிலேயே பக்கத்தில் போய் இறங்கலாம்.

மழை வந்தால் ஏன் உடனே ரத்து செய்கிறார்கள்? வானம் நீலமாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு 1997 ஆகஸ்ட் 12ஐச் சொல்வேன். அன்று கீழ் கேன்யன் இருக்குமிடத்தில் மழை என்று சொல்லுமளவு மழையே இல்லை. சில மைல் தள்ளி, ஓடையின் மேல்பகுதியில் இடிமழை கொட்டியது. பாலைவன மண் அவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்காது. விழுந்த மழையெல்லாம் ஓடையில் சேர்ந்து, சேறும் மரக்கட்டையுமாக இடுக்குக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அப்போது இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இன்று நீங்கள் இறங்கும் இரும்புப் படிகள் பாறையில் போல்ட் போட்டு முடுக்கியவை. அவை வந்தது அந்த நாளுக்குப் பிறகுதான்.

நம் ஊரில் காட்டாறு பார்த்தவர்களுக்கு இது புரியும். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் குளிக்கிறவர் கரையேற வேண்டும். இங்கே கரையே கிடையாது, இரண்டு பக்கமும் சுவர். அதனால் ஜூலை முதல் செப்டம்பர் நடு வரையிலான மழைக்காலத்தில் பயணம் ரத்தானால் வாதாடாதீர்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தை அல்ல.

தனியாகப் போகும் மற்ற இடுக்குகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே உங்களைத் தடுக்க ஆள் இருக்க மாட்டார்கள். காலையில் வானிலை அறிக்கையில் அந்த இடத்தை மட்டும் பார்க்காமல், ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

என் போனில் மணி மாறிக்கொண்டே இருக்கிறது. எது சரி?

பேஜ் அரிசோனா நேரத்தில் இருக்கிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை. பக்கத்திலுள்ள யூட்டா மாற்றுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருந்தாலும் நவஹோ தேசமும் மாற்றுகிறது. அதனால் மார்ச் முதல் நவம்பர் வரை இரண்டு மைல் நகர்ந்தால் போன் வேறு டவரைப் பிடித்து ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும்.

ஆன்டிலோப் பயணங்கள் பேஜ் நேரப்படிதான் நடக்கின்றன. போனில் நேரத்தைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு ‘ஃபீனிக்ஸ்’ என்று வைத்துவிடுங்கள். இங்கே தவறினால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பீர்கள், அவ்வளவுதான். மாறாக, பேஜிலிருந்து நவஹோ நிலத்திலுள்ள மான்யுமென்ட் வேலிக்கோ யூட்டாவிலுள்ள ஸயான் பூங்காவுக்கோ போகும்போது தவறினால் ஒரு மணி நேரம் தாமதம். அங்கே முன்பதிவு இருந்தால் போச்சு.

ஹார்ஸ்ஷூ பெண்ட் எப்போது போவது நல்லது?

ஊரிலிருந்து தெற்கே பத்து நிமிடம்கூட ஆகாது. வாகன நிறுத்தத்துக்கு நகராட்சி கட்டணம் வாங்குகிறது. அங்கிருந்து போக வர ஒன்றரை மைல் நடை. நிழல் இல்லை. பாதை சீரானதுதான், சக்கர நாற்காலியும் போகும்.

ஆற்றிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், மேற்குப் பார்த்து நிற்பீர்கள். சூரியன் மறையும்போது வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும், கூட்டமும் அப்போதுதான் உச்சம். காலையில் வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், ஆனால் பள்ளத்தில் நிழல் கிடக்கும். முழு வளைவிலும் வெளிச்சம் விழ வேண்டுமென்றால் காலை முடிந்து நண்பகல் நெருங்கும் நேரம். எனக்குப் பிடித்தது வாயில் திறந்ததும் போவது. படம் சுமாராக வரும், ஆனால் கீழே ஆறு ஓடுவது காதில் விழும் அளவுக்கு அமைதி.

தண்ணீர் ஏன் இவ்வளவு பச்சை என்று பலர் கேட்கிறார்கள். ‘கொலராடோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சிவந்தது என்றுதான் பொருள். ஒருகாலத்தில் ஆறு அப்படித்தான், வண்டலோடு செக்கச்செவேலென்று ஓடியது. இப்போது வண்டல் முழுவதும் மேலே அணைக்குப் பின்னால் படிந்துவிடுகிறது. அணையின் ஆழத்திலிருந்து தெளிந்த, சில்லென்ற நீர்தான் வெளியே வருகிறது. அந்தப் பச்சை அணை கொடுத்த நிறம்.

தடுப்புக் கம்பி காட்சிமேடையில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெறும் பாறை விளிம்பு. இங்கிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. குழந்தையின் கையை விடாதீர்கள். படத்துக்காகப் பின்னால் நகராதீர்கள்.

அணையும் ஏரியும் பார்க்கத் தகுந்தவையா?

கட்டாயம். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.

1956 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் வெள்ளை மாளிகையில் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே முதல் வெடி வெடித்தது. 710 அடி உயர அணை. 1963இல் நீர் தேங்கத் தொடங்கி, பவல் ஏரி முழுதாக நிரம்ப 1980 ஆனது. அணைக்கு முன்னால் இருக்கும் பாலம் 1959இல் திறக்கும்வரை, எதிர்க்கரைக்கு வண்டியில் போக ஏறக்குறைய 200 மைல் சுற்ற வேண்டியிருந்தது. இன்று அந்தப் பாலத்தின் நடைபாதையில் நின்று, வலைக்கம்பியின் இடைவெளி வழியாக 700 அடி கீழே ஆற்றைப் பார்க்கலாம்.

தண்ணீருக்கடியில் போனது க்ளென் கேன்யன். 1869இல் ஆற்றை ஆராயப் படகில் வந்த ஜான் வெஸ்லி பவல் வைத்த பெயர் அது. நூற்றுக்கும் மேற்பட்ட கிளை இடுக்குகள், பழங்குடிகளின் பாறை ஓவியங்கள், பெரணி தொங்கும் ஊற்றுகள் எல்லாம் மூழ்கின. எக்கோ பார்க் என்ற இடத்தில் அணை வரக்கூடாது என்று போராடி வென்ற சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, இந்த அணையை எதிர்க்காமல் விட்டுக்கொடுத்தது. அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த டேவிட் பிரவர் கடைசிவரை அதற்காக வருந்தினார்.

இப்போது ஏரியைப் பார்த்தால் பாறைச் சுவரில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். ஒருகாலத்தில் தண்ணீர் அதுவரை இருந்தது. ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு இது. 1922இல் பங்கு பிரித்தபோது வழக்கத்தைவிட அதிகம் மழை பெய்த ஆண்டுகளின் கணக்கை வைத்துப் பிரித்துவிட்டார்கள். அத்தனை தண்ணீர் ஆற்றில் வருவதில்லை. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2023 தொடக்கத்தில் ஏரி நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு இல்லாத அளவுக்கு வற்றியது. நீர் இறங்கிய இடங்களில் மூழ்கிய இடுக்குகள் மறுபடி தலைகாட்டின.

மூழ்காமல் மிஞ்சியிருப்பது அணைக்குக் கீழே சுமார் 15 மைல். அணையடியிலிருந்து லீஸ் ஃபெரி என்ற படகுத்துறை வரை மிதவைப் படகில் அரைநாளில் போகலாம். சுழல், அருவி எதுவும் கிடையாது, வயதானவர்களும் குழந்தைகளும் வரலாம். மேலே பார்த்த குதிரைலாட வளைவை அப்போது கீழிருந்து சுற்றி வருவீர்கள். ஒரே ஒரு கூடுதல் செலவு செய்யலாம் என்றால் இதற்குச் செய்யுங்கள்.

ஆன்டிலோப் டிக்கெட் கிடைக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது?

நவஹோ நிலத்திலேயே ஆன்டிலோப் எக்ஸ், சீக்ரெட் கேன்யன் என்று வேறு இடுக்குகளுக்கும் வழிகாட்டிகள் அழைத்துப் போகிறார்கள். கூட்டம் குறைவு.

யூட்டா பக்கம் 89ஆம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் டோட்ஸ்டூல் பாதை. காளான் மாதிரி தலையில் தொப்பிக் கல் வைத்த தூண்கள் நிற்கும். கட்டணம் இல்லை, போக ஒரு மைலுக்கும் குறைவான நடை. இன்னும் தள்ளிப் போய் மண்சாலையில் திரும்பினால் வயர் பாஸ், அதிலிருந்து பக்ஸ்கின் கல்ச். உலகின் மிக நீளமான இடுக்குகளில் ஒன்று அது. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மழை பெய்தால் அந்த மண்சாலை களிமண்ணாகிக் காரைப் பிடித்துக்கொள்ளும்.

‘தி வேவ்’ என்ற அலைப்பாறைக்கு ஒருநாளைக்கு 64 பேருக்கு மேல் அனுமதியில்லை. குலுக்கல் முறை. அந்த அனுமதிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு மாதம் முன்னதாகவே ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் என் பெயர் இதுவரை விழவில்லை, காத்திருக்கிறேன்.

தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் நவஹோ பாலம். 1929இல் திறந்த பழைய பாலம் நடப்பவர்களுக்கு, 1995இல் வந்தது வாகனங்களுக்கு. பாலத்தின் இரும்பு உத்திரங்களில் கலிஃபோர்னியா காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. சிறகில் எண் பட்டை கட்டியிருக்கும். ஒருகாலத்தில் மொத்தமே 22 மிஞ்சிய பறவை அது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலையில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஜனவரி இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். குளிர்காலத்தில் ஒளிக்கற்றை இருக்காது, ஆனால் இடுக்குகளில் அமைதி இருக்கும், டிக்கெட்டும் எளிது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பீட்சா, மெக்சிகன் கடைகளில் சமாளிக்கலாம். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள அறை எடுத்தால் நல்லது. நாங்கள் சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டு போயிருந்தோம்.

நவஹோ ஃப்ரை பிரெட்டை ஒருமுறை கண்டிப்பாகச் சாப்பிடுங்கள். பூரியைத் தடிமனாக்கியது மாதிரி இருக்கும். எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். 1864இல் நவஹோ மக்களை அமெரிக்க ராணுவம் சொந்த நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து நியூ மெக்சிகோவில் அடைத்தது. அங்கே கொடுத்த ரேஷன் மாவையும் கொழுப்பையும் வைத்து உயிர் பிழைத்த உணவு இது. 1868இல் ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்பினார்கள். கடையில் சிரித்துக்கொண்டே தரும் பாட்டிகளுக்கு இந்தக் கதை தெரியும்.

படம் எடுக்க என்ன கொண்டு போகலாம்?

ஆன்டிலோப்பில் பை, ட்ரைபாட், செல்ஃபி குச்சி எதற்கும் அனுமதியில்லை. போனும் தண்ணீர் பாட்டிலும் போதும். கேமரா கொண்டு போனால் அகலக் கோண லென்ஸை வெளியிலேயே மாட்டிவிடுங்கள், உள்ளே கழற்றினால் மணல் புகுந்துவிடும். நவஹோ நிலத்திலும் தேசியப் பூங்கா நிலத்திலும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. உள்ளூர் மக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இங்கே செல்லுமா?

ஏரிப் பகுதிக்குச் செல்லும். ஹார்ஸ்ஷூ பெண்ட்டில் செல்லாது, அது நகராட்சிக் கட்டணம். ஆன்டிலோப்பிலும் செல்லாது, அது நவஹோ நிலம்.

பேஜிலிருந்தே கிராண்ட் கேன்யனும் ஸயானும் பார்த்துவிடலாமா?

ஸயான் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ப்ரைஸ் கேன்யன் இரண்டரை, மான்யுமென்ட் வேலி இரண்டுக்குச் சற்று மேல், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு இரண்டரை. ஒரே நாளில் போய் வர முடியும். ஆனால் ஸயானுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் அங்கேயே ஓர் இரவு தங்குவதுதான் சரி. மான்யுமென்ட் வேலிக்கு மட்டும் பேஜிலிருந்து பகலில் போய்த் திரும்பலாம். சாலையில் பல மைலுக்குக் கடையோ போன் சிக்னலோ இருக்காது. பேஜை விட்டுக் கிளம்பும்போது டேங்க்கை நிரப்பி, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு குதிரையும் மாடும் சாலையைக் கடக்கும், நவஹோ நிலத்தில் பல இடங்களில் வேலி கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.